கம்பைலரின் பதிப்பு எண்ணையும் ஆய்வேட்டில் எழுதுவோம்

என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் ஓர் அட்டவணை இருக்கிறது. 'வந்தது', 'போனது', 'சொன்னது' போன்ற வடிவங்கள் எழுத்துத் தமிழ் உரைநடையில் எத்தனை இடங்களில் வினைமுற்றாகவும் எத்தனை இடங்களில் பெயராகவும் வருகின்றன என்பதைக் காட்டும் அட்டவணை அது. 'பேருந்து வந்தது' என்பதில் அது முற்று; 'அவன் வந்தது எனக்குத் தெரியாது' என்பதில் அது பெயர். பேச்சில் 'வந்துச்சு' என்ற வடிவம் பல வட்டாரங்களில் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. எழுத்தில் அந்த உதவி இல்லை. ஆகவே எங்கள் ஆய்வகத்தின் உருபனியல் பகுப்பாய்வி ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பகுப்புகளுக்கும் மதிப்பெண் இட்டு, உயர்ந்த மதிப்பெண் பெற்றதைத் தேர்ந்தெடுக்கிறது.

முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்குக்கு இரண்டு வாரம் இருந்தபோது அந்தப் பகுப்பாய்வியில் ஒரு சிறு பிழையைத் திருத்தினேன். வேற்றுமை உருபு தொடர்பான ஒரே ஒரு வரி. நிரலை மீண்டும் தொகுத்தேன். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஓட்டிப் பார்த்தபோது நான்காம் இயலின் அட்டவணையில் மூன்று வரிசைகள் மாறியிருந்தன. நான் தொட்ட வரிக்கும் அந்த வினைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் திருத்தத்தை நீக்கிவிட்டுத் தொகுத்தேன். அப்போதும் அதே புதிய எண்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நிரல், அதே தரவு, அதே சர்வரில் தந்த எண்கள் இப்போது வரவில்லை.

நான்கு நாள் தேடினேன். இறுதியில் விடை கிடைத்த இடம் இது: ஜிசிசி கம்பைலர் தான் உருவாக்கும் ஒவ்வொரு கோப்பிலும் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு மூலையில் எழுதி வைக்கிறது. கோப்பின் அந்தப் பகுதிக்கே 'காமென்ட்' என்றுதான் பெயர். பைன்யூடில்ஸ் தொகுதியில் உள்ள ரீட்எல்ஃப் என்னும் சிறு கருவியால் அதைப் படிக்கலாம். பழைய கோப்பில் பதிப்பு 11 என்று மட்டும் இருந்தது. புதியதில் 11, 9 என்று இரண்டு எண்கள் இருந்தன. என் நிரலின் ஒரு பாதியை ஒரு கம்பைலரும் மறுபாதியை இன்னொரு கம்பைலரும் தொகுத்திருந்தன.

காரணம் எளியது. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவருக்கு வரைகலைச் செயலியில் ஒரு பயிற்சி ஓட்ட வேண்டியிருந்தது. அதற்கான கருவித்தொகுதி, தனக்கு ஆதரவில்லாத புதிய ஜிசிசியை ஏற்க மறுத்துப் பிழை காட்டியது. இணையத்தில் தேடியவருக்கு ஒரு கட்டளை கிடைத்தது. அதைக் கொண்டு சர்வரின் 'ஜிசிசி' என்ற பெயரைப் பதிப்பு 9-க்குத் திருப்பினார். அவர் வேலை முடிந்தது. திருப்பியதை மீட்டு வைக்க மறந்தார், யாரிடமும் சொல்லவுமில்லை. சொல்ல வேண்டும் என்று நாங்கள் யாரும் அவருக்குக் கற்றுத்தரவும் இல்லை.

அந்த மாணவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் செய்ததை நானும் முன்பு செய்திருக்கிறேன். கம்பைலரின் பதிப்பை மாற்றுவது கணினியைப் பராமரிக்கும் வேலை என்றும் ஆய்வுக்கு வெளியே நடக்கும் செயல் என்றும் நாம் நினைக்கிறோம். அந்த நினைப்பு தவறு என்பதே என் வாதம். அது ஆய்வுமுறையின் ஒரு பகுதி. ஆகவே மற்ற ஆய்வுமுறைகளைப் போலவே அதையும் தன் எல்லைக்குள் செய்ய வேண்டும், பதிவு செய்ய வேண்டும், தேவையானால் சோதனையாகவும் பயன்படுத்த வேண்டும்.

முதலில், மாற்றும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரே கணினியில் ஜிசிசியின் பல பதிப்புகள் அருகருகே வாழ முடியும். ஒவ்வொன்றுக்கும் ஜிசிசி-9, ஜிசிசி-11 என எண்ணோடு கூடிய பெயர் உண்டு. எண்ணில்லாத 'ஜிசிசி' என்பது வெறும் கைகாட்டி; அவற்றுள் ஏதோ ஒன்றைச் சுட்டும் குறியிணைப்பு. பதிப்பை மாற்றுவது என்றால் அந்தக் கைகாட்டியைத் திருப்புவது. டெபியன் குடும்பத்து இயங்குதளங்களில் 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்ற கட்டளை இதைச் செய்கிறது. ஜென்டூவில் கம்பைலருக்கு 'ஜிசிசி-கான்ஃபிக்' என்றும், அசெம்பிளர், லிங்கர் முதலியவை அடங்கிய தொகுதிக்கு 'பைன்யூடில்ஸ்-கான்ஃபிக்' என்றும் தனித்தனிக் கருவிகள் உண்டு.

மொழியியல் மாணவருக்கு இது புதிதல்ல. சுட்டுச்சொல் ஒன்றுதான், அது எதைச் சுட்டுகிறது என்பது பேசும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. 'ஜிசிசி கொண்டு தொகுத்தோம்' என்று ஆய்வேட்டில் எழுதுவது, 'அவர் சொன்னார்' என்று எழுதிவிட்டு அவர் யார் என்று சொல்லாமல் விடுவதைப் போன்றது.

இந்தக் கைகாட்டிகள் தனித்தனியாகத் திரும்பக்கூடியவை என்பதுதான் அடுத்த சிக்கல். டெபியன் வகைக் கணினிகளில் எண்ணில்லாத ஜிசிசியை ஆல்டர்நேட்டிவ்ஸ் ஏற்பாடு தானாகக் கவனிப்பதில்லை. நிர்வகிப்பவர் கையால் அதில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது சி++ கம்பைலரையும் அதற்குத் துணையாகப் பிணைக்காவிட்டால், சி கம்பைலர் மட்டும் திரும்பும். சி++ கம்பைலர் பழைய இடத்திலேயே நிற்கும். எங்கள் சர்வரில் நடந்தது இதுவே. பகுப்பாய்வியில் மதிப்பெண் கணக்கிடும் பகுதி சி-யிலும் மற்றவை சி++-லும் எழுதப்பட்டிருந்தன. ஜென்டூவில் வேறொரு வகை நழுவல் உண்டு. கம்பைலரை மாற்றிய பிறகு, ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலில் சூழல் அமைப்பை மறுபடி ஏற்ற வேண்டும். அதைச் செய்யாதவர் தாம் புதியதில் இருப்பதாக எண்ணிக்கொண்டு பழையதில் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

பதிப்பு மாறுவதால் வரும் கேடுகள் இருவகை. ஒன்று கூச்சலிடும், மற்றொன்று பேசாமல் இருக்கும்.

கூச்சலிடுபவை நமக்கு நண்பர்கள். 2015-இல் வெளிவந்த ஜிசிசி 5, சி++ மொழியின் சரம் என்னும் தரவு வகையின் உள்ளமைப்பை மாற்றியது. பழைய அமைப்பில் தொகுத்த நூலகத்தைப் புதிய அமைப்பில் தொகுத்த நிரலோடு இணைக்கப் போனால், லிங்கர் பெயர்கள் கிடைக்கவில்லை என்று பக்கம் பக்கமாகப் புலம்பும். 2020-இன் ஜிசிசி 10, ஒரே பொது மாறியைப் பல கோப்புகளில் வரையறுத்திருந்த பழைய சி நிரல்களை இணைக்க மறுத்தது. 2024-இன் ஜிசிசி 14, அறிவிக்கப்படாத செயற்கூறுகளை அழைக்கும் நிரலை எச்சரிக்கையோடு விடாமல் பிழை என்றே நிறுத்தியது. பல்லாண்டுகளுக்கு முன் எழுதி, பராமரிப்பின்றி விட்ட ஒரு கருவியைத் தொகுக்க முயன்றவர்கள் இந்தச் சுவர்களில் ஒன்றிலாவது முட்டியிருப்பார்கள். எரிச்சல்தான். ஆனால் இவற்றால் தவறான அட்டவணை அச்சேறாது.

பேசாமல் இருப்பவைதான் அஞ்சத்தக்கவை. கணினியில் 0.1, 0.2, 0.3 ஆகிய மூன்றையும் வழக்கமான இரட்டைத் துல்லியத்தில் கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டை முதலில் கூட்டினால் 0.6000000000000001 வரும், பின் இரண்டை முதலில் கூட்டினால் 0.6 வரும். தசமக் கணக்கில் கூட்டும் வரிசை ஒரு பொருட்டல்ல. கணினியில் அது பொருட்டு. ஜிசிசி வழக்கமாக நாம் எழுதிய வரிசையைக் காக்கும். ஆனால் 'ஓஃபாஸ்ட்' என்ற விரைவுத் தெரிவைக் கொடுத்தால், வேகத்துக்காக வரிசையை மாற்றிக்கொள்ள நாமே அனுமதி தருகிறோம். எப்படி மாற்றுவது என்பது அந்தந்தப் பதிப்பின் முடிவு. எனக்கு முன்னிருந்த ஆய்வாளர் எழுதிய தொகுப்புக் கோப்பில் அந்தத் தெரிவு இருந்தது. நான் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. கடைசி இலக்கத்தில் ஏற்பட்ட வேறுபாடு, ஏறத்தாழச் சம மதிப்பெண் பெற்றிருந்த பகுப்புகளில் முற்றைப் பெயராக்கியது, பெயரை முற்றாக்கியது.

இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள், மொழித்தரவோடு வேலை செய்வோர் அனைவருக்கும் உரியவை. சி++ மொழியின் தரவரையறை, குறிப்பிட்ட சமவாய்ப்பு எண்ணாக்கிகள் எந்த வரிசையில் எண்களைத் தர வேண்டும் என்று துல்லியமாக விதிக்கிறது. ஆனால் அந்த எண்களைக் கொண்டு ஒரு பட்டியலை எப்படிக் கலைக்க வேண்டும் என்பதை நூலகத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. ஆகவே ஒரே விதை எண்ணைக் கொடுத்தாலும், லினக்ஸ் சர்வரில் ஜிசிசியின் நூலகமும் ஆப்பிள் மடிக்கணினியில் உள்ள நூலகமும் உங்கள் தரவைப் பயிற்சிப் பகுதி, சோதனைப் பகுதி என வேறுவேறாகப் பிரிக்கலாம். 'விதை எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்' என்பது இங்கே போதிய விடையாகாது.

மற்றொன்று அகரவரிசை. 2018-இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28, சொற்களை வரிசைப்படுத்தும் விதிகளைப் பெரிய அளவில் புதுப்பித்தது. அதன் விளைவாகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களின் அட்டவணைச் சுட்டிகளையே மீண்டும் கட்ட வேண்டிய நிலை வந்தது. வரிசைப்படுத்திய சொற்பட்டியலில் 'முதல் ஆயிரம்' என்று வெட்டியெடுத்து ஆய்வு செய்பவர், எந்த நூலகம் வரிசைப்படுத்தியது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

இவ்விடத்தில் ஒரு சொல்லை நினைத்துக்கொள்கிறேன். வெர்ஷன், எடிஷன் இரண்டுக்கும் நாம் 'பதிப்பு' என்றே சொல்கிறோம். இந்தத் தற்செயல் நமக்கு ஒரு பாடம். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட காலம் தொட்டு, ஏடுகளை ஒப்பிட்டுப் பிரதிபேதங்களைக் குறித்து வைப்பது தமிழ்ப் பதிப்பின் ஒழுக்கமாக வளர்ந்தது. எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று சொல்லாமல் தமக்குப் பிடித்ததை மட்டும் அச்சிட்டவரை நாம் நல்ல பதிப்பாசிரியர் என்று சொல்வதில்லை. பாடவேறுபாடு இருப்பது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். ஏட்டின் இறுதியில் எழுதியவர் தம் பெயரையும் நாளையும் குறித்து வைத்ததைப் போல, கம்பைலரும் தன் பெயரைக் கோப்பில் குறித்து வைக்கிறது. நாம்தான் அதைப் படிப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, பலர் பகிரும் கணினியில் பொதுக் கைகாட்டியைத் திருப்பாதிருப்பது. தேவை நம்முடையதாக இருக்கும்போது மாற்றமும் நம் எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும். எண்ணோடு கூடிய பெயரால் கம்பைலரை அழைக்கலாம். தொகுப்புக் கோப்பில் எந்தக் கம்பைலர் என்று கூறும் மாறிகளை, சி-க்கும் சி++-க்கும் சேர்த்து, நம் திட்டத்துக்கு மட்டும் அமைக்கலாம். ரெட்ஹேட் குடும்பத்து இயங்குதளங்களில் ஜிசிசி-டூல்செட் என்ற தொகுதி, அதற்கென்று திறந்த ஷெல்லுக்குள் மட்டும் வேறு பதிப்பைத் தருகிறது. அதை மூடியவுடன் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மீக்கணினி மையங்கள் இந்த ஒழுக்கத்தை எப்போதோ கற்றுக்கொண்டன. 'மாட்யூல்ஸ்' என்ற ஏற்பாட்டை ஜான் ஃபர்லானி 1991-இலேயே விளக்கி எழுதினார். நம் நாட்டில் தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் 2019-இல் வாரணாசியில் தொடங்கப்பட்ட பரம் சிவாய் போன்ற கணினிகளில் வேலை செய்தவர்களுக்கு 'மாட்யூல் லோட்' என்ற கட்டளை பழக்கமானது. அங்கே ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பதிப்பைத் தம் அமர்வுக்கு மட்டும் ஏற்றிக்கொள்கிறார்கள், அடுத்தவர் பாதிக்கப்படுவதில்லை. அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: எண் சொல்லாமல் ஏற்றினால் அன்றைய இயல்புப் பதிப்பு வந்து சேரும். எண்ணைச் சொல்லியே ஏற்றுங்கள்.

இரண்டாவது, பதிவு. கள ஆய்வில் தகவலாளியின் வயது, ஊர், பதிவு செய்த நாள், ஒலிப்பதிவுக் கருவி என எல்லாவற்றையும் எழுதுகிறோம். எழுதாவிட்டால் நெறியாளர் திருப்பி அனுப்புவார். கணிப்பு ஆய்வில் அதற்கு இணையானது கம்பைலரின் பதிப்பு, கொடுத்த தெரிவுகள், லிங்கரின் பதிப்பு, சி நூலகத்தின் பதிப்பு, செயலியின் வகை. ஐந்து வரி போதும். டெபியன் திட்டம் தன் தொகுப்புகளுக்கு 'பில்ட்இன்ஃபோ' என்ற கோப்பை உருவாக்கி, எந்தச் சூழலில் தொகுக்கப்பட்டது என்று ஒவ்வொரு பொதியின் பதிப்போடும் எழுதி வைக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் ஓர் இயங்குதளம் காட்டும் அக்கறையை முனைவர் பட்ட ஆய்வேடு காட்ட முடியாதா?

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பதிப்பை வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள். ஒரு வாக்கியம் ஏற்புடையதா என்று ஒரே தகவலாளியிடம் கேட்டு முடிவுகட்ட மாட்டோம் அல்லவா? அதுபோல ஒரு முடிவை இரண்டு கம்பைலர்களிடம் கேளுங்கள். விடை ஒன்றாக இருந்தால் நம்பிக்கை கூடும். வேறாக இருந்தால், பழி கம்பைலர் மீது மட்டும் இல்லை.

என் அட்டவணையில் நடந்தது அதுதான். நான்கு நாள் தேடிய பிறகு நான் செய்ய நினைத்த முதல் காரியம், கைகாட்டியை 11-க்குத் திருப்பி, பழைய எண்களை மீட்டு, அமைதியாக இருந்துவிடுவது. அப்படிச் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் 11 தந்த விடை சரி, 9 தந்தது பிழை என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. 11 எனக்குப் பழக்கமான விடையைத் தந்தது, அவ்வளவே. கடைசி இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தேர்வை நான் இலக்கண உண்மையாக எழுதியிருந்தேன். இப்போது, இரு பகுப்புகளும் நெருங்கி நிற்கும் இடங்களைப் பகுப்பாய்வி 'ஐயம்' என்று தனியே குறிக்கிறது. அவற்றை நான் வாக்கியச் சூழலைப் பார்த்துக் கையால் பிரித்தேன். வேலை கூடியது, அட்டவணையின் எண்கள் குறைந்தன, இயலின் முடிவும் சற்று அடக்கமானது. ஆனால் எந்தக் கம்பைலரில் தொகுத்தாலும் அந்த முடிவு இனி நிற்கும்.

எதிர்வாதங்கள் இரண்டை அடிக்கடி கேட்கிறேன். 'கண்டெய்னரில் போட்டு வைத்தால் போதுமே' என்பது ஒன்று. கண்டெய்னர் நல்லது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சூழலை உறையவைக்கிறது, விளக்குவதில்லை. அதை உருவாக்கும் கோப்பில் 'அண்மைப் பதிப்பை நிறுவு' என்று எழுதியிருந்தால், அடுத்த ஆண்டு அதே கோப்பு வேறொரு கண்டெய்னரைத் தரும். எல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய நிக்ஸ் முறை இதைவிட ஆழமானது: தொகுத்த கம்பைலர் உட்பட உள்ளீடுகள் அனைத்தையும் கொண்டு ஒவ்வொரு பொதிக்கும் தனி அடையாளம் தருகிறது. எந்த முறையைக் கொண்டாலும், உள்ளே இருப்பது எந்தப் பதிப்பு என்று வாசகருக்குச் சொல்லும் கடமை நம்முடையதே.

'இதெல்லாம் கணினித் துறையின் வேலை, மொழியியல் மாணவருக்கு எதற்கு' என்பது மற்றொன்று. ஒலிப்பியல் ஆய்வாளர் ஒலிவாங்கியைப் பற்றித் தெரிந்துகொள்வது மின்னணுவியல் துறையின் வேலை என்று யாரும் சொல்வதில்லை. கருவி நம் முடிவை மாற்றுமானால், அந்த அளவுக்குக் கருவி நம் துறைக்குள் வந்துவிட்டது. உண்மையில் இந்த வேலையை யாரோ ஒருவர் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார். பெரும்பாலும் ஆய்வகத்தின் மிக இளையவர். நிர்வாகிக் கடவுச்சொல் கையில் இருப்பதால் அவர் தலையில் விழுந்தது. அவருக்குப் பயிற்சியும் கிடையாது, கட்டுரையில் பெயரும் கிடையாது. தவறு நேர்ந்தால் மட்டும் பெயர் நினைவுக்கு வரும்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது சர்வரில் எல்லோரும் எழுதக்கூடிய ஒரு குறிப்புக் கோப்பு இருக்கிறது. எதை, எப்போது, எதற்காக மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். முதல் பதிவை எழுதியவர் அந்த மாணவர்தான். இரண்டாவது பதிவு என்னுடையது: இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லாமல் திருப்பிய ஒரு பைதான் பதிப்பைப் பற்றியது.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று உங்கள் கருவியின் இருமக் கோப்பை எடுத்து அதன் 'காமென்ட்' பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒரே எண் இருந்தால் அதை ஆய்வுமுறை இயலில் எழுதுங்கள். இரண்டு எண்கள் இருந்தால், கருத்தரங்குக்கு முன் உங்கள் அட்டவணையை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'எந்தத் தரவு' என்று கேட்கும் அதே மூச்சில் 'எந்தப் பதிப்பில் தொகுத்தாய்' என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், நான்காம் இயலை நான் ஒரு முறைதான் எழுதியிருப்பேன்.